மலிவு காரின் மறைமுக விலை

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்ஜினாக இருந்தால் 1,200 சிசிக்கு மிகாத திறனும் கொண்ட கார்களுக்கு இந்தச் சலுகை. இரு சக்கர வாகனத்தில் நான்கு பேராக நெருக்கியடித்துப் பயணம் செய்யும் குடும்பங்கள் காருக்கு மாற இது உதவும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வாங்கும் விலையைக் குறைப்பதில் மத்திய அரசு காட்டிய அக்கறை வரவேற்கத்தக்கதே. ஆனால், அப்படி வாங்கிய காரின் என்ஜின் உத்தரவாதக் காலம் முடிந்த மறு ஆண்டே பழுதாகி நின்றுவிட்டால் அதற்கு யார் பொறுப்பு என்கிற கேள்விக்கு மட்டும் தில்லியிலிருந்து இதுவரை தெளிவான பதில் கிடைத்தபாடில்லை.

இந்தக் கேள்வியின் கனத்தை உணர வேண்டுமானால், ராபர்ட்சன்பேட்டை போன்ற ஓர் ஊரிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் தமிழர்கள் பெருமளவில் வாழும் நகரம் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, பிழைப்புக்காக நாள்தோறும் அதிகாலையில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புவது அங்குள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வாழ்க்கை முறையாகிவிட்டது. அத்தகைய ஊரில் கார் வாங்குகிறவர் அந்தஸ்துக்காக வாங்குவதில்லை. முதியவர்களை வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போய்வரவும், முடிந்தால் நாலு பேருக்கு வாடகைக்கு ஓட்டிக் கடனை அடைக்கவும்தான் வாங்குகிறார். அதுவும் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது கை மாறிய சிறிய காராகத்தான் இருக்கும்.

அந்தக் கார் எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தங்கவயல், கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வி.கோட்டா வழியாகத் தமிழகச் சமவெளிக்கு இறங்குவது எளிது; கோடை வெயிலில், ஐந்து பேரையும் அவர்களது மூட்டைகளையும் சுமந்துகொண்டு மலைப்பாதையின் வளைவுகளில் மீண்டும் ஏறுவதுதான் சோதனை. 1,500 சிசி என்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஏறுகிற ஏற்றத்தில் 800 சிசி என்ஜின் தனது முழுத் திறனுக்கு அருகிலேயே நெடுநேரம் ஓட வேண்டியிருக்கிறது. வெப்பம் ஏறுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் சற்றே குறைந்திருந்தாலும், அல்லது குளிர்விக்கும் மின்விசிறியின் சுவிட்ச் ஒன்று வேலை செய்யாமல் போனாலும், ஹெட் கேஸ்கெட் போய்விடும். சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஆயிலில் தண்ணீர் கலந்துவிடும். செலவைக் குறைப்பதற்காகப் பல சிறிய கார்களில் வெப்பநிலையைக் காட்டும் முள் எடுக்கப்பட்டு, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த விளக்கு எரிவதை ஓட்டுநர் பார்க்கும்போது பல வேளைகளில் காலம் கடந்திருக்கும்.

இத்துடன் தூசியும் சேர்ந்துகொள்கிறது. நூறாண்டுகளுக்கு மேலாகச் சுரங்கத்திலிருந்து தங்கம் பிரித்தெடுக்கப்பட்டபின் கொட்டப்பட்ட சயனைடு மண்மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் பொடி ஊரெங்கும் பறக்கும். மனிதர்களின் நுரையீரலுக்கு அது செய்வதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். என்ஜினின் நுரையீரலான ஏர் பில்டரை அது விரைவில் அடைத்துவிடுகிறது. உரிய காலத்துக்கு முன்பே மாற்றாவிட்டாலோ, மலிவாகக் கிடைக்கும் போலி பில்டரைப் போட்டாலோ, நுண்துகள்கள் உள்ளே புகுந்து பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கின்றன. பிறகு ஆயில் எரிந்து நீலப்புகை வரத் தொடங்குகிறது. நிறுவனம் தரும் கையேட்டில், தூசி மிகுந்த இடங்களில் பில்டரை அடிக்கடி மாற்றுக என்று ஒரு வரி இருக்கும். இரண்டாவது கையாக வாங்கியவரின் கைக்கு அந்தக் கையேடு வந்து சேருவதே அபூர்வம்.

நிறுவனங்கள் தரும் வழக்கமான விளக்கம் நமக்குத் தெரியாததல்ல. பராமரிப்புக் குறைவே காரணம். அங்கீகரிக்கப்படாத பணிமனையில் பழுது பார்த்ததே காரணம் என்பார்கள். இதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால், மலிவாக விற்கப்படும் கார், பராமரிப்புக்கு அதிகம் செலவழிக்க இயலாதவரின் கைக்குத்தான் போய்ச் சேரும் என்பது அதை வடிவமைக்கும்போதே தெரிந்த செய்தி. மோசமான சாலை, அதிகச் சுமை, தாமதமாக மாற்றப்படும் ஆயில் ஆகிய மூன்றையும் தாங்கும் என்ஜினைத்தான் ஏழை நாட்டின் சிறிய கார் என்று விற்க வேண்டும். குறைந்த விலையில் அது முடியாத காரியம் என்று வாதிட முடியாது. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 தொடக்கம் வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 காரின் 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின் அதற்குச் சான்று. இந்தியாவின் எந்தச் சிற்றூரிலும், சாதாரண மெக்கானிக்கின் கையில் அது மீண்டும் மீண்டும் உயிர் பெற்றது.

எல்லாச் சிறிய கார்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1970-களில் பெங்களூரில் தயாரான மூன்று சக்கர 'பாதல்' காரையும், அதன்பின் சிபானி நிறுவனம் கொண்டுவந்த 'டால்பின்' காரையும் தங்கவயலின் மூத்த தலைமுறையினர் நினைவில் வைத்திருக்கக்கூடும். இரண்டுமே மாருதிக்கு முன்னால் நிற்க முடியாமல் போயின. ஆனால், ஒரு மலிவு காரின் நம்பகத்தன்மை நாடு தழுவிய விவாதமானது நானோவினால்தான்.

2008 ஜனவரி 10-ஆம் தேதி தில்லி வாகனக் கண்காட்சியில் ரத்தன் டாடா அந்தக் காரை அறிமுகப்படுத்தியபோது உலகமே வியந்தது. ஒரு லட்சம் ரூபாய் கார்! 624 சிசி திறனுள்ள இரண்டு சிலிண்டர் என்ஜின் பின்புறம் பொருத்தப்பட்டிருந்தது. ஏறத்தாழ 35 குதிரைசக்தி. சிங்கூரில் நிலம் கையகப்படுத்தியதற்கு எழுந்த எதிர்ப்பால் 2008 அக்டோபரில் தொழிற்சாலை குஜராத்தின் சாணந்துக்கு மாற்றப்பட்டது. 2009 மார்ச்சில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டு, ஜூலையில் முதல் கார் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே சில கார்களிலிருந்து புகை வந்ததாகச் செய்திகள் வந்தன. 2010-இல் மும்பையிலும் குஜராத்திலும் கார்கள் தீப்பிடித்து எரிந்த காட்சிகளைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின.

நிறுவனம் விசாரணை நடத்தியது. வடிவமைப்பில் பொதுவான குறைபாடு எதுவும் இல்லை. கூடுதலாகப் பொருத்தப்பட்ட மின்சாதனங்களோ, புகைபோக்கியின் மீது தங்கிவிட்ட வேற்றுப் பொருளோதான் காரணம் என்று கூறியது. அதேவேளையில், புகைபோக்கி அமைப்புக்கும் மின் அமைப்புக்கும் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தருவதாக 2010 நவம்பரில் அறிவித்தது. இது கார்களைத் திரும்ப அழைக்கும் நடவடிக்கை அன்று என்றும் சொன்னது. குறைபாடு இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்பு எதற்கு என்று வாங்க நினைத்தவர்கள் கேட்டார்கள். 2010 ஜூலையில் 9,000 கார்கள் விற்ற இடத்தில், நவம்பரில் விற்றவை 509. அடுத்த மாதமே உத்தரவாதக் காலத்தை 18 மாதங்களிலிருந்து நான்கு ஆண்டுகளாக, அல்லது 60,000 கிலோமீட்டராக நிறுவனம் உயர்த்தியது. அந்த உயர்வு முதல் நாளிலேயே தரப்பட்டிருந்தால் நானோவின் கதை வேறுவிதமாக இருந்திருக்கலாம் என்பது நமது கருத்து.

தீ விபத்துகள் தலைப்புச் செய்தியாயின. ஆனால் நானோவை அன்றாடம் ஓட்டியவர்களின் சங்கடங்கள் வேறு. என்ஜின் பின்னால் இருந்ததால், முன்புறம் மோதும் காற்றைக் குளிர்விக்கும் அமைப்புக்கு வழிகாட்டிக் கொண்டுவர வேண்டியிருந்தது. தொடக்க கால நானோக்களில் பின்கதவு திறக்காது. பின் இருக்கையை மடக்கி, மூடியைக் கழற்றித்தான் என்ஜினைத் தொட முடியும். சாலையோரத்தில் நின்றுபோன காரைச் சரிசெய்ய வந்த மெக்கானிக்குக்கு அது எவ்வளவு எரிச்சல் தந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சிலிண்டர் என்ஜினின் அதிர்வும் ஓசையும் தனி. 2018-இல் உற்பத்தி நின்றுபோனது. நின்றது உற்பத்திதான், விற்ற கார்கள் இன்னும் சிற்றூர்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் உரிமையாளர்கள் உதிரி பாகங்களுக்கு அலைகிறார்கள்.

குறைபாடு மலிவு காருக்கு மட்டுமே உரியது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரே நிறுவனத்தின் குற்றமாகவும் இதைச் சுருக்க முடியாது. 2010 பிப்ரவரியில் ஏ-ஸ்டார் கார்கள் ஒரு லட்சத்தை மாருதி திரும்ப அழைத்தது. எரிபொருள் பம்ப்பின் அடைப்பு வளையத்தில் கசிவுக்கு வாய்ப்பிருந்தது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட் கார்களில் ஏறத்தாழ 50,000, எரிபொருள் குழாயின் பிடிப்பைச் சோதிப்பதற்காக 2016-இல் அழைக்கப்பட்டன. 2024 மார்ச்சில் பலேனோ, வேகன்-ஆர் கார்கள் 16,041 அழைக்கப்பட்டன. 2019 ஜூலை முதல் நவம்பர் வரை தயாரான அவற்றின் எரிபொருள் பம்ப் மோட்டார் பழுதானால், ஓட்டத்திலேயே என்ஜின் நின்றுபோகலாம் அல்லது கிளம்பாமல் போகலாம் என்பது காரணம். தயாரிப்புக்கும் அறிவிப்புக்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அந்தக் காலத்தில் அதே கோளாறுக்காகத் தன் பணத்தைச் செலவழித்துப் பம்ப்பை மாற்றியவர் எவரேனும் இருந்திருந்தால், பழைய ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதான்.

இவையெல்லாம் நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்தவை. இந்திய ஆட்டோமொபைல் உற்பத்தியாளர் சங்கம் 2012-இல் வகுத்த தன்னார்வ நெறிமுறைதான் நெடுங்காலம் ஒரே ஏற்பாடாக இருந்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்து, கார்களைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. உத்தரவை மீறும் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். காலம் தாழ்ந்தாலும் நல்ல சட்டம் என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால், அந்தப் பிரிவின் வாசகத்தை ஊன்றிப் படித்தால் ஓட்டை எங்கிருக்கிறது என்று புரியும். குறைபாடு சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநர், பயணிகள் அல்லது சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு விளைவிப்பதாக இருக்க வேண்டும். பிரேக் பிடிக்காத கார் இதில் வரும். தீப்பிடிக்கும் கார் வரும். அறுபதாயிரம் கிலோமீட்டரிலேயே ஹெட் கேஸ்கெட் போகிற கார், எண்பதாயிரத்தில் ஆயில் குடிக்கத் தொடங்குகிற கார் வராது. அதனால் யாரும் சாகப்போவதில்லை அல்லவா? குடும்பத்தின் சேமிப்பு மட்டும்தான் சாகும். ஒரே மாடலில் ஆயிரக்கணக்கான என்ஜின்கள் ஒரே விதமாகப் பழுதானாலும் அது சட்டத்தின் கண்ணில் குறைபாடாகத் தெரியாது. போதாக்குறைக்கு, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே விதி பொருந்தும். ராபர்ட்சன்பேட்டையில் கை மாறும் காரின் வயது பெரும்பாலும் அதற்கு மேல்தான்.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சில நல்ல வசதிகளைச் செய்து தந்திருக்கிறது. புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தங்கவயல்காரர் பெங்களூருக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை, கோலாரிலேயே மனு தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் இல்லை. தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வாடகைக் கார் என்றாலும், அவர் நுகர்வோர்தான். உற்பத்தியாளரின் பொறுப்பு குறித்துத் தனி அத்தியாயமே சேர்க்கப்பட்டிருக்கிறது.

மனு கொடுத்த பிறகுதான் மலை ஏற வேண்டியிருக்கிறது. என்ஜினில் உற்பத்திக் குறைபாடு இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை புகார்தாரருடையது. பிரித்துப் போட்ட என்ஜினை நிபுணர் சோதிக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அதற்கான தொகையை முதலில் அவரே கட்ட வேண்டும். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கு வர வேண்டும். எதிர்த்தரப்பிலோ பொறியாளர் படையும் வழக்குரைஞர் படையும். அங்குள்ள மெக்கானிக் சுரங்க எந்திரங்களையும் பெமல் தொழிற்சாலையின் எந்திரங்களையும் கண்டு வளர்ந்த ஊரின் பிள்ளை. என்ஜினின் ஓசையை வைத்தே கோளாறைச் சொல்லிவிடக்கூடியவர். ஆனால் அவரது கருத்துக்கு ஆணையத்தில் நிபுணர் சாட்சியம் என்ற மதிப்பு எளிதில் கிடைப்பதில்லை.

மாருதி உத்யோக் நிறுவனத்தின் மேல்முறையீடு ஒன்றில் 2006-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே குறிப்பிடத்தக்கது. உத்தரவாதத்தின் வாசகம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதைப் பற்றியதே தவிர, காரையே மாற்றித் தருவதைப் பற்றியது அல்ல என்று நீதிமன்றம் கூறியது. சட்டப்படி அது சரியே. ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மேல் நீதிமன்றம் என்ன செய்யும்? ஆனால் அந்த ஒப்பந்தத்தை எழுதுவது ஒரு தரப்பு மட்டும்தான். மறுதரப்பு கையெழுத்துப் போடுகிறது. 2021-இல் வேறொரு வழக்கில், விற்பனையாளர் செய்த தவறு உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாதவரை உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருவருக்கும் இடையே நிற்கும் வாடிக்கையாளர், யார் வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறார்.

இந்தச் சிக்கலைப் பிற நாடுகள் எப்படிக் கையாண்டன? அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே, திரும்பத் திரும்பப் பழுதாகும் புதிய காரை நிறுவனமே திரும்பப் பெற வேண்டும் என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்களும் பின்பற்றின. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். 2012 செப்டம்பர் முதல் அங்கே நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, பொருளை வாங்கிய ஆறு மாதங்களுக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். வியாபாரியிடம் வாங்கிய பழைய காருக்கும் இது பொருந்தும். மெய்ப்பிக்கும் சுமையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிய இந்த ஒரு திருத்தத்துக்கு ஆய்வகமும் தேவைப்படவில்லை, பெரும் செலவும் தேவைப்படவில்லை.

நமது அரசு மெய்ப்பிக்கும் சுமையைக் குறைக்காததோடு, என்ஜினின் சுமையையும் கூட்டியிருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் சொல்கிறோம். 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூரில் பிரதமர் நரேந்திர மோடி அதைத் தொடங்கிவைத்தார். 2030-க்குள் எட்ட வேண்டிய இலக்கு முன்கூட்டியே 2025-இல் எட்டப்பட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைந்ததால் 2014-15 முதல் ஒரு லட்சத்து 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் அன்னியச் செலாவணி மிச்சமாகியிருப்பதாக அரசு கணக்குக் கூறுகிறது. கரும்பு விவசாயிகளுக்குப் பயன் கிடைத்திருக்கிறது. திட்டத்தின் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை.

ஆனால், புதிய எரிபொருளைத் தாங்கும் பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு விற்கப்பட்ட கோடிக்கணக்கான வாகனங்களின் கதி என்ன? எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு; ஈரத்தை ஈர்க்கும் தன்மை அதற்கு உண்டு; பழைய ரப்பர் குழாய்களையும் அடைப்பு வளையங்களையும் அது பாதிக்கும். ஆக்சிஜன் உணரி உள்ள கார்கள் எரிபொருளின் அளவை ஓரளவு தாமே கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் கார்களுக்கு அந்த வசதி இல்லை. நான்கு சக்கர வாகனங்களில், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்டவற்றின் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்று நீதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே மதிப்பிட்டது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் வெளியிட்ட விளக்கம், சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும், அது செலவு அதிகமில்லாத வேலை என்றும் கூறியது. தில்லி அலுவலகத்தில் அமர்ந்து எழுதும்போது எந்தச் செலவும் சிறிதாகத்தான் தெரியும்.

அதே நீதி ஆயோக் அறிக்கையில் மேலும் இரண்டு பரிந்துரைகள் இருந்தன. எரிசக்தி குறைவதை ஈடுகட்டும் வகையில் கலப்பு எரிபொருளின் விலை வழக்கமான பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பழைய வாகனங்களுக்காக 10 சதவீதக் கலவையைத் தொடர்ந்து விற்க வேண்டும் என்பது மற்றொன்று. இலக்கை அரசு ஐந்து ஆண்டுகள் முன்னதாக எட்டியது. இந்த இரண்டு பரிந்துரைகளையும் மட்டும் வழியில் எங்கோ விட்டுவிட்டது. பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலவைக்கு மாறியபோது, பழைய கார்களுக்காக 5 சதவீதக் கலவையையும் நிலையங்களில் வைத்திருந்தது. பிரேசிலை உதாரணம் காட்டுகிறவர்கள், எந்தக் கலவையிலும் ஓடும் என்ஜின்கள் அங்கே 2003 முதலே விற்கப்படுகின்றன என்பதைச் சொல்வதில்லை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் தலையிட மறுத்ததால் அரசின் கடமை தீர்ந்துவிடாது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பழைய காரின் என்ஜின் இனிமேல் பழுதானால், எரிபொருள்தான் காரணம் என்று நிறுவனம் கைகாட்டும். எரிபொருளில் குறையில்லை, கார்தான் பழையது என்று எண்ணெய் நிறுவனம் சொல்லும். பராமரிப்புச் சரியில்லை என்று இருவரும் சேர்ந்து சொல்வார்கள். எல்லாருக்கும் ஒரு விடை கிடைத்துவிடுகிறது, காரின் உரிமையாளரைத் தவிர.

பழுதுபார்க்கும் உரிமையிலும் இதே நிலைதான். உதிரி பாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தங்கள் விற்பனையாளர்களிடம் மட்டும் வைத்திருந்ததற்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கும் அதிகமாக அபராதம் விதித்தது. சுதந்திரமான பணிமனைகளுக்கு அவற்றைக் கிடைக்கச் செய்யும்படியும் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. பழுதுபார்க்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கிவைத்தது. வாகனத் துறையும் அதில் அடக்கம். இணையதளம் வேண்டியதுதான். ஆனால் என்ஜினின் கணினியில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி தெருமுனை மெக்கானிக்கிடம் இல்லையென்றால், அவர் ஊகத்தில்தான் பாகங்களை மாற்றுவார். தவறாக மாற்றிய பாகத்துக்கும் பணம் கொடுப்பவர் கார் உரிமையாளர்தான்.

பொறுப்பைக் கூட்டினால் விலை ஏறிவிடும், சிறிய கார் என்ற வகையே அழிந்துவிடும் என்று தொழில்துறை எச்சரிக்கும். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. பாதுகாப்பு, மாசு விதிகள் கடுமையான பிறகு அடிமட்ட விலைக் கார்கள் பல மறைந்தது உண்மை. என்றாலும், 2010-இல் நானோவின் உத்தரவாதத்தை நான்கு ஆண்டுகளாக உயர்த்தியதால் அது லட்சாதிபதிகளின் காராகிவிடவில்லை. தன் என்ஜினை நம்பும் நிறுவனத்துக்கு உத்தரவாதத்தால் பெரிய செலவு வருவதில்லை. நம்பாத நிறுவனம்தான் அதைச் செலவாகப் பார்க்கும்.

மத்திய அரசு செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. 110ஏ பிரிவில், ஒரே மாடலில் பரவலாகத் தோன்றும் என்ஜின், கியர்பெட்டிக் கோளாறுகளையும் குறைபாடு என்று சேர்க்க வேண்டும். எந்த மாடலில் எந்தப் பாகம் எவ்வளவு பழுதாகிறது என்பதை நிறுவனங்கள் தங்கள் பணிமனைக் கணக்கிலிருந்து சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். அமைச்சகம் அதை வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் வெளிவந்தாலே பாதிக் கோளாறுகள் அடுத்த ஆண்டு காணாமல் போய்விடும் என்பது நமது ஊகம். உற்பத்தியை நிறுத்திய நிறுவனம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரி பாகங்கள் வழங்கக் கட்டாயப்படுத்த வேண்டும். டட்சன் கார்களின் உற்பத்தி 2022-இல் நிறுத்தப்பட்டதும், ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியதும், வாங்கியவர்களைக் கவலையில் ஆழ்த்தியதை மறந்துவிட முடியாது. நுகர்வோர் வழக்குகளில் ஆய்வகச் செலவை முதலில் நிறுவனம் கட்டட்டும். வழக்குத் தோற்றால் புகார்தாரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

எரிபொருள் விஷயம் இதைவிட அவசரமானது. அதற்கு நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2021-இல் நீதி ஆயோக் சொன்னதைச் செய்தால் போதும். பெட்ரோல் நிலையங்களில் பழைய வாகனங்களுக்கென 10 சதவீதக் கலவைக்கு ஒரு குழாயை ஒதுக்குமாறு பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு பெட்ரோலிய அமைச்சகம் ஓர் உத்தரவு பிறப்பிக்க வேண்டும். அதைப் பெருநகரங்களில் தொடங்கி, ராபர்ட்சன்பேட்டைக்குப் பத்து ஆண்டுகள் கழித்துக் கொண்டுவருவதாக இருக்கக் கூடாது. பழைய கார்கள் அதிகம் ஓடுவது அங்கேதான்.